பால் தந்தவளின் பெயர்

ஜூலை 8, செவ்வாய்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மூத்த மகள் ஆதிபா எழுதுறா.

இளையவள் ஷஸ்னாவுக்கு வயித்துல ஏழு மாசமும் முடியல்ல. பிரஷர் ஏறி வலிப்பு வந்து, நேத்து ஒப்பரேஷன் செஞ்சு பிள்ளையை எடுத்தாங்க. ஆம்பிளைப் பிள்ளை. தொள்ளாயிரம் கிராம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். தொட விடல்ல.

ஜூலை 9

மெஷின்தான் மூச்சு விடுது. ஷஸ்னாவுக்கு இன்னும் நினைவில்ல.

எழுபத்தெட்டுல எங்களுக்கும் இப்படி ஒருத்தன் பிறந்தான். பஞ்சுல சுத்தி, பக்கத்துல சுடுதண்ணிப் போத்தல் வச்சோம். நாலு நாள்தான் இருந்தான். இடது காது மடங்கியிருந்தது. அந்தக் காது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஜூலை 11, வெள்ளி

டொக்டர் சஞ்சீவன் கூப்பிட்டார். "ஐயா, பேரனுக்குத் தாய்ப்பால்தான் மருந்து. டின்னுல வாற மாப்பாலை அந்தக் குடல் தாங்காது. இங்க ஒரு தாய் தாறேங்கிறாங்க. பரிசோதிச்ச பால்."

கட்டார்ல இருக்கிற மருமகன் றம்ஸி, "மாமா, நீங்க சொன்னாச் சரி"ன்னுட்டான்.

யாருடைய பால்ன்னு கேட்டேன். குடிச்சா எங்க மார்க்கத்துல அவள் இவனுக்கு உம்மா. அவள் பிள்ளைகள் கூடப்பிறந்ததுகள், நாளைக்குக் கலியாணம் முடிக்க ஏலாது. பெயர் தெரிய வேணாமா?

பெயர் சொல்ற வழக்கமில்லையாம். அப்ப வேணாம்ன்னுட்டு வந்தேன்.

பஸ்ஸில ஆதிபா வேற சீட்டுல போய் இருந்தா.

ஜூலை 12

எண்ணூத்திப் பத்து கிராமுக்கு இறங்கிட்டான்.

"வாப்பா, பிள்ளை மவுத்தாப் போனா யாருக்குக் கலியாணம் பேசப் போறீங்க?" — ஆதிபா கேட்டது. இதை எழுத மாட்டேன்னா. எழுதுடி, நீ கேட்டதுதானேன்னேன்.

எங்க ஊர் அலுவிகாரையிலயிருந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சேன். பெயரே வேணாம் டொக்டர், குடுங்கன்னேன். என்ன மடையன் நான் — ஒரு நாளை வீணாக்கிட்டேனே.

ஜூலை 15

குழாய் வழியா ரெண்டு ரெண்டு மில்லி. வயிறு ஏத்துக்கிது.

வாட்டு வாசல்ல ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து நின்னா. "நான்தான் ஐயா பால் குடுக்கிறது. பெயர் நிரஞ்சலா. ஊர் நாவுல." அவள் மகனும் உள்ளதான் இருந்தானாம். மூணே நாள்ல போயிட்டானாம். வேற பிள்ளையில்ல.

"நீங்க கலியாணத்துக்குப் பயந்தீங்களாமே?"ன்னு சிரிக்கப் பார்த்தா. வாய் கோணிட்டுது.



ஜூலை 30

நினைவு திரும்பின ஷஸ்னாவுக்கு இப்ப பால் ஊறுது. அல்ஹம்துலில்லாஹ். இவனுக்காகவே ஆஸ்பத்திரியில தங்கியிருந்த நிரஞ்சலா வீட்டுக்குப் போயிட்டா.

செப்டெம்பர் 26, வெள்ளி

ரெண்டு கிலோ! நேத்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

இன்னைக்கு நிரஞ்சலா வந்தா. பதினெட்டு நாள் பால் குடுத்தவள், ஒருக்காவும் அவனைத் தூக்கினதில்ல. ஷஸ்னா நீட்டினா. "இந்தாங்க, உங்க மகன்."

அவள் கையை நீட்டல்ல. "கை கழுவணும் ஐயா, எங்க?"ன்னா.

பைப்படிக்குக் கூட்டிப் போனேன். பிள்ளை வாட்டுக்குள்ள போக முன்னுக்குக் கழுவுற மாதிரி முழங்கை வரைக்கும் சவுக்காரம் போட்டாள். கழுவினாள், திரும்பவும் கழுவினாள். கடைசியில பைப்பை நான்தான் மூடினேன்.