கடைசி இடம் பெற்ற இசை

அன்புள்ள லூசியாவுக்கு,

நீரும் மகளும் சுகமாயிருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன். உமது மூட்டுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை.

இங்கே பாரிஸ் குசினியில் என்னோடு சமைக்கும் டெஸ்மண்ட் திரினிடாட்காரர். தகரப் பீப்பாயில் செய்யும் ஸ்டீல்பான்தான் அவர்களுடைய வாத்தியம். அங்கே வருசாவருசம் நடக்கும் ஸ்டீல்பான் போட்டிகளுக்கு இசையமைத்தவர்களில் யார் பெரியவர் என்று அவரும், எங்களோடு வேலைசெய்யும் கரிகாலன் அண்ணையும் ஓயாமல் வாதாடுவார்கள்.

நேற்று டெஸ்மண்ட் பழைய போட்டியொன்றைப் போனில் போட்டார். நானும் பேச்சில் சேர நினைத்து, "சட்டி கழுவுற சத்தம்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தேன். அவர் போனை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

"உது அவற்ற தேப்பன் இசையமைச்சது," என்றார் அண்ணை. "அந்த வருசம் அவற்ற குழு கடைசி இடத்திலதான் வந்தது. மனுசன் பிறகு பான் பக்கமே போகேல்லையாம்."

வெட்கத்தில் கூசிப்போனேன். மன்னிப்புக் கேட்டேன். "நடுவர்களும் அதைத்தான் சொன்னார்கள்," என்றார் டெஸ்மண்ட், கோபமில்லாமல். இன்று அவர் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினார்.

கொஞ்சம் ஒடியல் மா அனுப்பும், அவருக்குக் கூழ் காய்ச்ச. இங்கே ரூ காய் தெருத் தமிழ்க் கடைகளில் விற்பதில் வாசமில்லை. மகள் பாடுவதையும் பதிந்து அனுப்பும். குசினியில் இப்போது ஒரு சத்தமுமில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உமது
றொபின்சன்