நான் வாங்க மறுத்த உறை

என் அன்புக்கும், இந்த ஓராண்டாக என் கோபத்துக்கும் உரிய செல்வின்,

உன் நினைவு ஆராதனையில் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதே சொன்னார்கள். போதகர் உன்னைப் ‘பொறுப்பான தகப்பன்’ என்றார். என்னைப் பேச அழைத்தபோது நான் எழுந்திருக்கவில்லை. உண்மை என்று உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சபையின் முன் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உனக்குச் சாதகமானவை. நீதிமன்றத்துக்குப் புறப்பட வேண்டிய ஒரு காலையில், அச்செடுக்க வேண்டிய மனு உள்ளே கிடக்க, என் கணினி தானாகவே அப்டேட் போடத் தொடங்கி முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மாலையே பெருங்களத்தூரிலிருந்து இரும்புலியூருக்கு வந்து, அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். “இனிமே நீங்க சொன்னாத்தான் அப்டேட் ஆகும் அத்தான். உங்க கோர்ட் மாதிரிதான், மனு போடாம ஒண்ணும் நகராது” என்று சிரித்தாய்.

ஒரு தாளில் விதிகளை எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டினாய். பல ஆண்டுகள் ஆதரவு தரும் லினக்ஸ் பதிப்பை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். புதியது வந்த உடனே அதற்குத் தாவக் கூடாது. அப்டேட் சனிக்கிழமை மாலையில்தான். அதற்கு முன், கெட்டுப்போனால் திரும்பி வர ஒரு நகல். மின்சாரம் போனால், இன்வெர்ட்டர் ஓய்வதற்குள் முறையாக அணைத்துவிட வேண்டும். அந்தத் தாளைச் சட்டப்பிரிவு போல நான் கடைப்பிடித்தேன். ஆறு ஆண்டுகளில் என் கணினி ஒரு முறைகூட என்னைக் கைவிடவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இனி குற்றச்சாட்டு.

உன் வீட்டுக் கணினியை நீ அணைப்பதே அபூர்வம். “அஞ்சு மாசமா ஓடுது அத்தான், ஒரு தும்மல் கிடையாது” என்று, பிள்ளையின் மார்க்கைச் சொல்வது போலச் சொல்வாய். உன் மகள் ரூத் பிறந்த நாள் முதல் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். “நம்ம புள்ள படம் நம்ம வீட்லயே இருக்கட்டும்” என்று போன்களிலிருந்து அங்கே மாற்றிவிட்டு, போன்களைக் காலி செய்தாய். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரு ரகசிய வரியால் பூட்டினாய். நகல் வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கையும் அதே வரியால் பூட்டினாய். அணைந்த கணினி மறுபடி எழும்போது மட்டுமே அந்த வரியைக் கேட்கும். அணைத்து எழுப்பும் வேலையை நீ ஒருவனே செய்ததால், உன் மனைவி கிரேஸ் அந்தக் கேள்வியைப் பார்த்ததே இல்லை. தான் தினமும் போடும் பாஸ்வேர்டுதான் சாவி என்று நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிறுசேரியில் உன் அலுவலக நாற்காலியிலேயே நீ சரிந்த பிறகும் அது ஒரு மாதம் ஓடியது. மாலைதோறும் கிரேஸும் ரூத்தும் அதன் முன் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியபோது நான் அங்கே இருந்தேன். உன் பீரோவிலும் அதே தாள். அதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்து, முறையாக அணைத்தேன். நான்தான் அணைத்தேன், செல்வின். உன் விதிப்படி.

மின்சாரம் வந்ததும் கறுப்புத் திரை ஒரு வரி கேட்டது. கிரேஸ் தன் பாஸ்வேர்டைப் போட்டாள், ஏற்கவில்லை. உங்கள் கல்யாண நாள், உன் வண்டி எண் என்று மாறி மாறிப் போட்டோம். “மாமா, என் பேரப் போடுங்க. அப்பா அதத்தான் வெச்சிருப்பாரு” என்றாள் ரூத். போட்டேன். அதையும் ஏற்காதபோது அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இதற்கு உன்னிடம் என்ன பதில் இருக்கிறது?

சர்வீஸ் கடைக்காரர் வந்து பார்த்தார். “லாக் கீது சார். இத ஒடைக்க ஆள் கெடையாது. ஒரே பேஜாரு. எல்லாத்தையும் அழிச்சி ஃபார்மேட் போட்டுக் குடுக்கட்டா?” அவரை வெளியே அனுப்பினேன். வாரிசுச் சான்றிதழைக் காட்டியதும் வங்கி திறந்தது, வண்டிப் பதிவு மாறியது. நீ பூட்டிய பூட்டுக்கு மட்டும் எந்தச் சான்றிதழும் செல்லுபடியாகவில்லை.

எனக்குப் பாதகமானதையும் பதிவுசெய்தாக வேண்டும். நீ போவதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வந்தபோது, ஒட்டிய உறை ஒன்றை நீட்டினாய்.

“அத்தான், இத உங்க பீரோல வைங்க. பிரிக்க வேணாம்.”

“உள்ள என்ன?”

“ஒரே ஒரு வரி.”

“என்னன்னு தெரியாத கவர நான் வாங்கறதில்ல. மேல எழுதிக் குடு.”

“வக்கீல் கிட்ட வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்!” என்று சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டாய். ‘ரூத்தின் படங்களுக்கான சாவி’ என்று மேலே எழுத உனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? கிரேஸிடமாவது கொடுத்திருக்கக் கூடாதா? அந்த உறையை இரண்டு வீடுகளிலும் தேடிவிட்டோம். “என் தம்பி குடுத்தத வாங்கி வைக்கறதுக்கும் உங்களுக்கு செக்‌ஷன் வேணுமா?” என்று உன் அக்கா கேட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னுடன் பேசவில்லை.

போன மாதம் கிரேஸ், “அழிச்சிடுங்கண்ணா. ரூத்துக்கு ஸ்கூல் வேலைக்கு கம்ப்யூட்டர் வேணும். அந்தக் கறுப்புத் திரையப் பாத்துப் பாத்து என்னால முடியல” என்றாள். முடியாது என்று கத்திவிட்டேன். உன்னிடம் கத்த வேண்டியது அவள் மேல் விழுந்தது. மறுநாள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உன் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் போட்டு, உன் தாள் சொல்லும் பதிப்பையே எடுத்து என் கையாலேயே லினக்ஸ் ஏற்றினேன். பாதி வழியில் அது கேட்டது: டிஸ்க்கைப் பூட்ட வேண்டுமா?

கையை எடுத்துவிட்டேன். கிரேஸை உட்காரச் சொன்னேன். அவள் வெகுநேரம் யோசித்து, பூட்டத்தான் வேண்டும் என்று சொல்லி, ஒரு வரியை அடித்தாள். அதே வரியை மூன்று தாள்களில் எழுதினாள். ஒன்று அவளிடம், ஒன்று உன் அக்காவிடம். மூன்றாவதை உறையில் போட்டு ஒட்டி என்னிடம் நீட்டினாள்.

“உள்ள என்னன்னு கேப்பீங்களாண்ணா?”

உறையின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் ஆலயத்திலிருந்து வந்ததும் கிரேஸ் கணினியை அணைக்கிறாள். ரூத் அந்த வரியை அடித்து எழுப்புகிறாள். உன் தாளின் கடைசியில் இந்த விதியை நான்தான் சேர்த்தேன். உன் அனுமதி கேட்கவில்லை.

உன் டிஸ்க்குகள் இரண்டும் என் பீரோவில், அந்த உறையின் பக்கத்தில் இருக்கின்றன. நான் இருக்கும்வரை அவற்றை யாரும் அழிக்க மாட்டார்கள்; எனக்குப் பின் ரூத்திடம் சேர வேண்டும் என்று உயிலில் எழுதிவிட்டேன். இதை வைத்து உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ரூத்துக்கு அந்தப் படங்கள் கிடைக்கும் நாளில் அதைப் பற்றிப் பேசுவோம்.

நீ நீட்டியதை வாங்காத,
உன் அத்தான்.