குடைக்காரியின் மின்னல்

மே 9
நேற்று அடித்த காற்றில் மரம் ஒன்று மின்கம்பியில் சாய்ந்துவிட்டது. மின்வாரியப் புகார் மேசையில் எனக்கு இன்று முழுக்க ஒரே கேள்வி: "கரண்ட் எப்ப வரும்?" நான் என்ன மடியிலா கட்டி வைத்திருக்கிறேன்? ஒரு காலத்தில் வானம் கறுத்தால் அண்ணனும் நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இப்போது வானம் கறுத்தால் எனக்குத் தலைவலிதான்.

மே 12
கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இரண்டாவது ஆபரேஷனும் பலிக்கவில்லை. அண்ணனுக்கு இனி வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும்தான் தெரியுமாம். அதுவும் எத்தனை நாளைக்கோ. அண்ணி வரும் வழியெல்லாம் அழுதார். அவன் மட்டும், "மின்னல் தெரியும்ல?" என்று கேட்டான். பாவி மனுஷன்.

மே 13
தூக்கமே இல்லை.

மே 20
அண்ணன் வீட்டு பிரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பின்னால், கெட்டுப்போகாமலிருக்க வைத்த ஒரே ஒரு பிலிம் ரோல் மிச்சம் இருக்கிறது. "குடைக்காரி, அடுத்த மழைக்கு நீ படம் எடு. நான் குடை பிடிக்கிறேன்" என்றான்.

அப்போதெல்லாம் குடைதான் என் வேலை. நான் நனையலாம், கேமரா நனையக் கூடாது. ஷட்டரைத் திறந்துவிட்டு மின்னலுக்காகக் காத்திருப்பான், மூச்சுகூட விடமாட்டான். படம் கழுவி வர ஒரு வாரம் ஆகும். என்ன விழுந்திருக்கிறதோ என்று அந்த வாரம் முழுக்க வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உடம்பில் தெம்பு எங்கே இருக்கிறது?

ஜூன் 2
மழை. எனக்கு டியூட்டி. அண்ணன் போன் அடித்தான். எடுக்க முடியவில்லை.

ஜூன் 6
விடுமுறை. சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் வீட்டு பால்கனியில் முக்காலியை நிறுத்தி, ரோலை நானே மாட்டினேன். ஒரு கையில் குடை, மறு கையைக் கேமரா மேல் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றான்.

"தெற்கால ஒண்ணு… நேரா இறங்குது… இப்ப ரெண்டா பிரியுது, கிளை கிளையா… ஐயோ அண்ணா, ஊதா கலரு!" தொண்டை கட்டும்வரை கத்தினேன். ரோல் முடியும்வரை அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். எத்தனை வருஷமாயிற்று, நாங்கள் இப்படி இருந்து!

ஜூன் 14
"கழுவிப் பாத்தா ஒண்ணுமே விழலம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர். "பிலிம் நுனி உள்ள மாட்டவே இல்ல. ரோல் நகரலயே."

இருந்தது ஒன்று. அதையும் தொலைத்தேன். அவனிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

ஜூன் 15
சொல்லிவிட்டேன். அவன் அசரவே இல்லை.

"தெரியும்டி. பிலிமை நகர்த்த நீ லிவரை இழுக்கறப்ப இந்தப் பக்கத்துக் குமிழ் தானா சுத்தணும். என் விரல் அது மேலதான இருந்துச்சு? முதல் படத்துலேருந்தே சுத்தல."

"அடப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ வாயை மூடிட்டு ரோலை மாட்ட உக்காந்திருப்ப."

அழுதேன். அண்ணி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 23
மத்தியானத்திலிருந்து இடி. போன்கள் வரிசை கட்டி நின்றன. டீ இடைவேளையில் ஜன்னல் பக்கம் போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கிழக்கால ஒண்ணு, அண்ணா" என்றேன்.

"ம்" என்றான். "எத்தனை கிளை?"