தண்ணீர் எப்படி இருக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

முன்னறைத் தரை இன்னும் சரியாகக் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மீன்தொட்டிக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். மட்டம் எங்கே வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி, சுவரோரப் பிளக் போர்டு வரைக்கும் போய்விட்டது. சத்தம் கேட்டுப் பதறி எழுந்தவர் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் கட்டு.

ஆறு மாதமாக அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான். கண் நரம்பு வாடிவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன் மகள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். கூட்டிக் கழித்துப் பேசத் தெரிந்தவள். "தண்ணி, கரண்டு, கண்ணு தெரியாத அப்பா. மூணும் ஒரே ரூம்ல வேணாம் சித்தப்பா" என்றாள். இந்த மாதம் 29ஆம் தேதி மீன் கடைக்காரர் வந்து தொட்டியை மீனோடு எடுத்துப் போகிறார். பேசி முடித்துவிட்டாளாம்.

அண்ணன் தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத் தொட்டி. நான்கு அடி நீளம், பதினொரு தங்கமீன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "29ஆம் தேதிக்குள்ள இந்தத் தொட்டி தன்னைத்தானே பாத்துக்கும். அப்படி மெஷின் செய்யறேன்" என்று சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை. பம்பு ரிப்பேர் பட்டறையில் முப்பது வருடம். நான் தொட்டால் செத்த மோட்டாரும் எழுந்து உட்காரும் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொன்னார் அல்லவா?

மார்ச் 5, வியாழன்

முதல் கருவி முடிந்தது. கக்கூஸ் பிளஷ் தொட்டியில் இருக்கும் மிதவைப் பந்து ஒன்று, பழைய சைக்கிள் மணி ஒன்று, நடுவே ஒரு கம்பி. தண்ணீர் தொட்டியில் கிழித்த கோட்டுக்கு வந்தால் பந்து எழும்பும், கம்பி தட்டும், மணி அடிக்கும். கரண்டு கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் மூளை இது.

டீக்கடையில் எடுத்துக் காட்டினேன். பெரிய கம்பெனி ஒன்று இந்த வரைபடத்தைக் கேட்டு ஆள் அனுப்பியது, நான் கொடுக்கவில்லை என்றேன். ஆள் யாரும் வரவில்லை. டீ மாஸ்டர்தான் "என்னண்ணே, சைக்கிளை வித்துட்டு மணிய மட்டும் வச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணனே இடது கையால் குழாயைப் பிடித்தார். நானும் அவர் மகளும் தள்ளி நின்றோம். மணி அடித்ததும் குழாயை மடக்கி நிறுத்தினார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. ஆறு மாதத்தில் அவர் முகம் அப்படி விரிந்து நான் பார்க்கவில்லை.

"எவ்வளவுல நிக்குது?"

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு நூல் மேலே. "இம்மி பிசகாம கோட்டுல நிக்குதுண்ணே" என்றேன். அரைக்கால் அங்குலம், ஒரு நூல்தானே.

அண்ணன் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். நான் கதை அளப்பவன் என்று வீட்டில் எப்போதும் கேலி. தொட்டிக்கு அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். வாராவாரம் வெப்பம், நீர்மட்டம், தெளிவு, மீன் எண்ணிக்கை. வாரத்துக்கு நாலு சொல், அவ்வளவுதான். கண் போனதோடு அந்த நோட்டு நின்றுவிட்டது. என்னை எழுதச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

மகள் அசரவில்லை. மணி சரி, பாசி யார் துடைப்பது, தீனி யார் அளப்பது, அடிக்கசடை யார் எடுப்பது என்று வரிசையாகக் கேட்டாள். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு, 22ஆம் தேதி, எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பாளாம். திருப்தியாக இருந்தால் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லுவாளாம்.

மார்ச் 9, திங்கள்

பாசி துடைக்கும் வண்டி ஓடவில்லை. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த இரண்டு காந்தமும் கண்ணாடிக்கு இருபக்கமும் இறுகிக்கொண்டு நகரமாட்டேன் என்கின்றன.

மார்ச் 12, வியாழன்

தீனி டப்பா தயார். மூடியை ஒரு திருகு திருகினால் 'டக்' என்று ஒரு சிட்டிகை விழும். அடிக்கசடு உறிஞ்சும் குழாயில் நூல் முடிச்சு போட்டிருக்கிறேன். விரல் முதல் முடிச்சைத் தொட்டால் குழாய் முனை தொட்டியின் அடிக்கு நான்கு விரல் மேலே இருக்கிறது, இரண்டாவதைத் தொட்டால் அடியில் பரப்பிய கல்லைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வெளியே வரும் அழுக்குத் தண்ணீர் நேராகச் சன்னலோரச் செடிகளுக்கு.

இன்னும் மண்டைக்குள் எத்தனையோ ஓடுகிறது. இறந்த இலையைப் பொறுக்கும் நண்டுக் கை. தண்ணீர் சூடானால் தானே சுழலும் விசிறி. கல்லுக்கு அடியில் ஊர்ந்து கசடு தின்னும் தகர ஆமை. சாவி கொடுத்துவிட்டால் போதும். எல்லாவற்றையும் அண்ணனுக்கு விவரித்தேன். நண்டுக் கை பாதி முடிந்துவிட்டது என்றேன். பென்சிலில் பாதி முடிந்திருக்கிறது.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "எல்லாம் செய்வடா நீ. தண்ணி எப்படி இருக்குன்னு வாயத் திறந்து சொல்ற பெட்டி ஒண்ணு செய்வியா? எனக்கு அது ஒண்ணு போதும்."

அதற்கென்ன, ஒரு வாரத்தில் என்றேன்.

மார்ச் 14, சனி

அந்தப் பெட்டியை எப்படிச் செய்வது? தெளிவு என்பதை எந்தக் கம்பி தொடும்?

மார்ச் 17, செவ்வாய்

ஞாயிறு நெருங்குகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி அண்ணன் மகள் துருவிப் பார்ப்பாள். தொட்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று நானே இறங்கினேன். அண்ணனை மகள் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போயிருந்த நேரம்.

வடிகட்டியின் பஞ்சைக் கழற்றினால் கன்னங்கரேல் என்று சேறு. குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து, அரை மணி நேரம் தேய்த்து, கடையில் வாங்கிய அன்றிருந்த மஞ்சளுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பழைய தண்ணீரை முக்கால்வாசி இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நேராக நிரப்பினேன். மணி அடித்தது. தொட்டி பட்டறை விட்டு வந்த புது வண்டி மாதிரி நின்றது.

அண்ணன் பஞ்சை இப்படிச் செய்யமாட்டார். தொட்டியின் பழைய தண்ணீரை வாளியில் எடுத்து, அதில் இரண்டு பிழி, கறுப்பாகவே திருப்பி வைத்துவிடுவார். குழாய்த் தண்ணீரையும் ஒரு நாள் வாளியில் ஆறவிட்டுத்தான் ஊற்றுவார். அது அவருடைய சிக்கனம் என்று நினைத்திருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

தண்ணீரில் லேசாகப் புகை படிந்த மாதிரி. புதுத் தண்ணீர் அடங்கவில்லை போலும். அண்ணன் கேட்டார். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. பின்சுவர் தெரியவில்லை.

காலையில் அண்ணன் கேட்டார். "மேனேஜர் உடம்புல செதில் ஒண்ணொண்ணா எண்ணலாம், அவ்வளவு தெளிவுண்ணே" என்றேன். மேனேஜர் என்பது இருப்பதிலேயே பெரிய மீன். ஒரு வேலையும் செய்யாமல் நடுவில் மிதந்துகொண்டே இருப்பதால் அண்ணன் வைத்த பெயர்.

அண்ணனுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கே தண்ணீர் தெளிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்குள் சரியாகிவிடும். ஆகவேண்டும்.

மார்ச் 21, சனி

எழுதக் கை வரவில்லை.

காலையில் அண்ணன் தொட்டிப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னடா சத்தம் அது? மேல வந்து வாய் பிளக்குதுங்களா?" என்றார். எனக்குச் சத்தமே கேட்கவில்லை. பிறகு கேட்டது. சப், சப் என்று. பசிண்ணே, என்றேன். அப்போதே இரண்டு ஒருக்களித்துக் கிடந்தன. நான் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன்.

அவர் கையை உள்ளே விட்டார். விரலை மோந்து பார்த்தார். தடவித் தடவிப் பஞ்சைத் தேடி எடுத்தார். பிழிந்தார். அதில் ஒன்றும் இல்லை. வழவழப்பே இல்லை. அந்தக் கறுப்பில்தான்டா மீன் உசுரு இருக்கு, மீனோட கழிவைத் தின்னுற நுண்ணுயிரெல்லாம் அதுலதான் குடியிருக்கு, குழாய்த் தண்ணியோட குளோரின் பட்டா செத்துடும் என்று முன்பே நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான்தான் தலையாட்டிவிட்டு வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை இருக்கு?"

பதினொண்ணும் இருக்குண்ணே.

"இன்னொரு தடவை கேக்குறேன்."

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். பஞ்சு, குழாய்த் தண்ணி, வியாழக்கிழமையிலேருந்து சொன்ன பொய், எல்லாம். ரெண்டு போயிடுச்சுண்ணே, மூணாவது போய்க்கிட்டிருக்கு.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எனக்குக் கண்ணு போனது ஆறு மாசம் முன்னாடி இல்லடா. இன்னிக்குத்தான்" என்றார்.

அப்புறம் வேலை சொல்ல ஆரம்பித்தார், யாரோ மூன்றாம் மனிதனிடம் சொல்லுவது போல. தீனி நிறுத்து. ஆறவைத்த தண்ணீர் இருந்தால் பாதி மாற்று. காற்று பம்பு இரண்டையும் போடு. மீன் கடைக்காரரிடம் போய் மீன் இருக்கிற தொட்டியிலிருந்து ஒரு அழுக்குப் பஞ்சு கேள்.

ஓடினேன். தொட்டியை எடுத்துப் போக வேண்டிய அதே மனிதர். என்ன ஆயிற்று என்று கேட்டார். வழியில் ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை எதையோ ஊற்றிவிட்டது என்று. வாய் வரைக்கும் வந்தது. "நான்தான் பஞ்சைக் குழாய்ல கழுவிட்டேன்" என்றேன். அவர் தன் தொட்டியிலிருந்து கறுத்துப்போன பஞ்சு ஒன்றை உருவி, தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தார். "பிழிஞ்சிடாதீங்க, அப்படியே கொண்டு போங்க" என்றார். குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி தூக்கி வந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஐந்து போய்விட்டன. ஆறு இருக்கின்றன.

மகள் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்ன நாள். பார்த்தாள். மணியை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 25, புதன்

தினமும் நான்கு வாளி. இறைத்து, ஊற்றி. மணி அடிக்கிறது. அண்ணன் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்றுகூட.

மார்ச் 27, வெள்ளி

டீக்கடையில் கம்பெனி ஆள் மறுபடி வந்தாரா என்று கேட்டார்கள். முதலிலேயே வரவில்லை என்றேன். நம்பவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கடைக்காரர் மூன்று சக்கர வண்டியும் வாளிகளுமாகப் பத்து மணிக்கு வந்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். என்னப்பா செய்ய, கொடுத்துடலாமா என்றாள்.

அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். எட்டு நாளுக்குப் பிறகு முதல் தடவை. "தண்ணி எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியும், நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் தொட்டி நிற்கும். நாக்கு நுனியில் இருந்தது.

"இன்னும் கலங்கல்தாண்ணே. போன வாரத்துக்குப் பரவால்ல. பின்சுவர் மங்கலாத் தெரியுது. ஆறு மீன். மேனேஜருக்கு வால் கிழிஞ்சு நாரா தொங்குது, உடம்பைக் குறுக்கிக்கிட்டு மூலையில நிக்கிறான். தேறுவான்னு எனக்குத் தோணல."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "இவர் சொல்றபடியேதான் இருக்கு" என்றார்.

அண்ணன் தொட்டிக் கண்ணாடியைத் தடவினார். பிறகு மகளிடம், "இருக்கட்டும்மா" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். "ஞாயிறுதோறும் நீங்கதான் பாக்கணும் சித்தப்பா, நீங்க இல்லாம அப்பா குழாயத் தொடக்கூடாது" என்றாள். சரி என்றேன். கடைக்காரர் வெறும் வாளிகளோடு திரும்பிப் போனார். தெருமுனை வரைக்கும் அவை உருண்டு மோதும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அண்ணன் அலமாரியைத் தடவி அந்த நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணனுடைய நோட்டில் நான் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வெப்பம் 26. நீர்மட்டம் கோட்டுக்கு ஒரு நூல் மேலே. தெளிவு: முக்கால். மீன் ஐந்து.

எழுதுவதற்கு முன்னால் சொன்னேன். "மேனேஜர் காலையில போயிட்டாண்ணே." பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கை கண்ணாடியில்தான் இருந்தது.

"எழுது" என்றார்.