ஷீட்டா, தளமா

அன்புள்ள உங்களுக்கு,

காலையில் அடி அண்ணாமலையில் நாம் கட்டும் வீட்டு வாசலில் தகர ஷீட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் தளம் என்றுதானே நாம் இருவரும் முடிவு செய்தோம்? மேஸ்திரி சக்கரபாணியிடம் கேட்டேன்.

"சார்தான் போன்ல மாத்திட்டாரும்மா. மேல மாடி வராதாம். நீங்க ஒருத்தர்தான இருக்கப் போறீங்க, ஷீட்டே ஜாஸ்தின்னாரு. மழை பேஞ்சா தவில் கச்சேரிதான், பரவால்லியா?"

எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன், உள்ளங்கையில் ஈரச் சிமெண்ட் அப்பியது.

நீங்கள் வேலை பார்க்கும் பெங்களூரில் இனி யாருடன் இருக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஷீட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாளை தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் இருந்தாலும் இந்த ஊர் வெயில் குறையாது.

தளம் போடும் அன்று நீங்கள் வர வேண்டாம்.

இங்கேயே இருக்கப் போகிற
நான்