பதினைந்தாவது பேர்

பாறசாலை
17-2-1999

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தம்மாமில் அரபு நாட்டுக் குளிர் குறைந்து நீங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மாமிக்கு பிரஷர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் தங்கை லிபி டைப்ரைட்டிங் பரீட்சை எழுதிவிட்டாள். எனக்குத்தான் நாலு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கம்பெனியில் ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் நிறைத்து ஓட்டை பார்க்கிறேன் அல்லவா, நேற்று ஒழுகுகிற ஒன்றை நல்ல கூடையில் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் தாசம்மாள் அக்கா திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாயிருந்தது.

காரியம் இதுதான். இந்தக் கம்பெனி இங்கே வரவேண்டும் என்று பஞ்சாயத்து ஐந்து வருஷத்துக்குக் கட்டிட வரியை விட்டுக்கொடுத்திருந்தது. மார்ச்சோடு அது முடிகிறது. சலுகையை நீட்டாவிட்டால் களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்விடுவேன் என்கிறார் முதலாளி. நீட்டலாம், ஆனால் இருபது வேலைக்காரர்களில் பதினைந்து பேர் இந்தப் பஞ்சாயத்துக்காரர்கள் என்று ரேஷன் கார்டு காட்டவேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. பதினாலு பேருக்குக் கார்டு இருக்கிறது. பதினைந்தாவது நான். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் என் பேர் மார்த்தாண்டத்தில் அப்பா கார்டில்தான் கிடந்தது.

இவ்வளவுதானே என்று போன மாதம் லீவு போட்டு ஓடினேன். அங்கே தாலுகா ஆபீசில் பேரை வெட்டி, வெட்டியதற்குச் சான்றும் வாங்கி வந்துவிட்டேன். மாமியிடம் முதலில் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. சொந்த வீட்டில் பேர் எழுத யார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள் அத்தான்?

மாமி கார்டைத் தரவில்லை. "அவளுக்க பேரு அங்கதானே கெடக்கு, அங்கயே கெடக்கட்டு" என்று லிபியிடம் சொன்னார்கள். சான்றைக் காட்டினேன், தொடக்கூட இல்லை. இப்போது எந்தக் கார்டிலும் நான் இல்லை. அரிசி மட்டும் மூன்று வேளையும் தின்கிறேன்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் வார்டு மெம்பர் பகவதியம்மாள் வீட்டுக்கே வந்தார்கள். மருமகள் பேரைச் சேருங்கள் என்று ஒரு பஞ்சாயத்தே மாமியாரிடம் கெஞ்சுகிற கூத்து வேறெங்கும் நடந்திருக்காது. மாமி சாயா கொடுத்து உபசரித்துவிட்டு, லிபி பேர் கார்டில் இருக்கிறதே, அந்த வேலையை அவளுக்குக் கொடுங்கள் என்றார்கள். மெம்பருக்கு முகம் தெளிந்துவிட்டது. அவர்களுக்குப் பதினைந்து வந்தால் போதும். லிபி எழுந்து உள்ளே போனாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

அதுவரை மாமிமேல்தான் கோபம். சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது, மாமி பேருக்கு. எனக்கு நீங்கள் எழுதி ஐந்து மாதம் ஆகிறது. மாமி கண்ணாடி உடைந்து கிடப்பதால் லிபிதான் வாசித்தாள். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "பேர் சேர்க்கிற காரியத்தில் அவசரம் வேண்டாம், நான் யோசித்துச் சொல்கிறேன்" என்ற இடத்தில் அவள் குரலைத் தாழ்த்தினாள். எனக்குக் கேட்டுவிட்டது.

என்ன யோசிக்கிறீர்கள் அத்தான்? என்மேல் என்ன குறை கண்டீர்கள்? யாராவது ஏதாவது எழுதினார்களா? கேட்டுக் கேட்டு என் தலைதான் வலிக்கிறது.

மார்ச் பதினைந்தாம் தேதி அந்தப் பதினைந்து பேர் பட்டியல் பஞ்சாயத்துக்குப் போகிறது. சேர்க்கச் சொல்லி மாமிக்கு ஒரு வரி எழுதுங்கள், மீதியை நான் ஓடிப் பார்த்துக்கொள்கிறேன். வேண்டாம் என்பதுதான் உங்கள் மனசு என்றால் அதை எனக்கு எழுதுங்கள். இன்னொருத்தி வாசிக்க, நான் அடுக்களையில் நின்று கேட்கும்படி வைக்காதீர்கள். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்வேன். இதை எங்கே போய்த் தேடுவது?

கர்த்தர் உங்களை ஒரு குறையுமில்லாமல் காப்பாராக. பதிலைக் கம்பெனி விலாசத்துக்குப் போடுங்கள். பதினைந்தாம் தேதிவரை அங்கே என் பேர் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
புஷ்பபாய்