ஒரம்பரை என்றொரு புழு

மார்ச் 4
பொங்கலுக்கு வந்த கொழுந்தனார் கிருபாசங்கர் இன்னும் இங்கே பல்லடத்தில்தான். கோயமுத்தூர் வேலை போய்விட்டது. பகலெல்லாம் கம்ப்யூட்டரில் புழு வரைகிறார். மனிதர்களே இல்லாத வருங்காலப் பூமியில் என்னென்ன உயிர்கள் இருக்கும் என்று இணையத்தில் ஒரு கூட்டம் கற்பனை செய்கிறதாம். இவர் பங்குக்கு ஒரு ஒட்டுண்ணி. வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 9
படத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகு! யானை உயரத்துக்கு வளர்ந்த ஆடு, அதன் தொண்டைக்குள் செம்பருத்தி நிறத்தில் புழு. ரத்தம்தான் சாப்பாடு. பெயர் ஒரம்பரை. சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் நாங்கள் சொல்வோமே, அதே ஒரம்பரை! சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மார்ச் 15
பஞ்சத்தில் ஆடு செத்தால் புழுவும் செத்துவிடுமே என்று கூட்டத்தில் கேட்டார்களாம். கிருபா வழி கண்டுபிடித்துவிட்டார். ஆடு மெலிந்தால் புழு வாயை மூடிக்கொள்ளும். தன் வாலையே கரைத்துத் தின்னும். மழை பெய்தால் வால் திரும்ப முளைக்கும். என்ன மூளை! என்ன மரியாதை அந்தப் புழுவுக்கு!

"வால் கரையறது ஆட்டுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுங்க அண்ணி. தெரிஞ்சா அதுக்குச் சங்கட்டமாப் போயிருமில்லீங்க."

மார்ச் 16
காலையிலிருந்து அந்த வால்தான் மனதில்.

மார்ச் 18
ஆர்டர் இல்லாமல் எங்கள் தறிகளில் பாதி நின்றுகிடக்கிறது. கிருபாவின் சட்டை தோளில் தொங்குகிறது. காலையில் "வெளிய சாப்ட்டுட்டேனுங்க", மதியம் "பசிக்கலீங்க" — எங்கே சாப்பிட்டார்? கையில் ஏது காசு? அடக் கடவுளே, எப்போதிருந்து இப்படி? ஒரே ஊட்டுல இருந்துட்டு எனக்கு ஏன் தெரியாமப் போச்சு? நான் என்ன அந்த ஆடா?

மார்ச் 19
சண்டை போட்டேன். கோபத்திலும் எனக்கு 'ங்க' போகவில்லை.

"ஒரம்பரைக்குத்தான் எலை போட்டுப் பரிமாறோணும். நீங்க ஊட்டாளு. பசிச்சா அடுப்படிக்குப் போயி நீங்களே போட்டுத் தின்னுங்க. இனி நான் பரிமாற மாட்டேனுங்க!"

அவர் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ? பயமாக இருக்கிறது.

மார்ச் 22
புழுவைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது! தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. கிருபா சாப்பிடாத விஷயம் மட்டும் அப்படியே.

மார்ச் 23
கிருபா மட்டும்தான் வீட்டில். கல்யாண வீட்டிலிருந்து பந்திக்குக்கூட நிற்காமல் பசியோடு வந்து பார்த்தால் குண்டாவில் சோறு இல்லை. குழம்புச் சட்டி அடி வரை வழித்திருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. எனக்கு ஒரு பருக்கை மிச்சமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரவையை வறுத்தேன்.